ஆக்கிரமிப்பு: ஒரு சொல், ஒரு வரைபடம்

1

வங்கியில் வீட்டுக் கடன் பத்திரங்களைச் சரிபார்க்கும் மேஜையில் நாலு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேஜை கற்றுக்கொடுக்கும் முதல் சொல் வில்லங்கம். இரண்டாவது சொல் ஆக்கிரமிப்பு. புறம்போக்கில் எழுப்பிய சுவர், ஓடைக்கரையில் போட்ட கொட்டகை, கோயில் நிலத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பம் எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். சொல் விழுந்த இடத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது. யார், எப்போது, எதனால் என்ற கேள்விகள் அதற்குப் பிறகு வேண்டியதில்லை. கடன் கிடையாது, அவ்வளவுதான்.

சென்ற வருஷம் இதே சொல்லை வேறொரு இடத்தில் பார்த்தேன். காட்டுத் தாவரங்களை ஆராயும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சின் நடுவே மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். எல்லையோர மலைக்காடு ஒன்று கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உண்ணிச்செடி இல்லாத கட்டம் பச்சை. கொஞ்சம் இருந்தால் மஞ்சள். புதர் மண்டிய கட்டம் சிவப்பு. மேலே 'ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பரவல்' என்று தலைப்பு.

என் அப்பா அந்தக் காட்டில் 34 வருஷம் ஃபாரஸ்ட் கார்டாக இருந்தவர். 2015இல் ஓய்வு பெற்றார். (சரகத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, சொல்வதனால் கட்டுரைக்கு லாபமில்லை.) கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து ஓடைகளின் வளைவை வைத்துத் தன் பீட்டைத் தேடினார். கண்டுபிடித்த இடம் முழுக்கச் சிவப்பு. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது என் பீட் இல்லீங்க, வேற எதையோ காட்டுறீங்க" என்று நண்பரிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் பீட்தான் அது.

தீப்பிடிக்காத பீட் என்று அந்த மலையில் பெயர் வாங்கிய பீட். அப்பாவின் வாழ்க்கையில் பாராட்டு என்று கிடைத்தது அது ஒன்றுதான். ஒரு மனிதன் ஒழுங்காகச் செய்த வேலைக்கும் அந்தச் சிவப்புக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்க முடியுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. கேள்வி சொந்த விஷயமாகத் தொடங்கினாலும் பதில் வரலாற்றுக்குள் இருக்கிறது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2

வரைபடம் எப்படி உருவாகிறது என்று பார்க்க இரண்டு நாள் லீவு போட்டு நண்பரோடு போனேன்.

வேலை மிக எளிது, அலுப்பூட்டுவது. காட்டுக்குள் ஒரு நேர்கோடு போட்டு நடக்கிறார்கள். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை நின்று, டேப்பைப் பிடித்து ஒரு வட்டம் எடுக்கிறார்கள். வட்டத்துக்குள் என்னென்ன மரம், என்னென்ன புதர், தரையில் புல் எவ்வளவு, களை எவ்வளவு என்று படிவத்தில் எண் போடுகிறார்கள். இல்லை என்றால் 0, மிக அதிகம் என்றால் 4. செல்போன் அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்கிறது. புலிகள் கணக்கெடுப்போடு சேர்த்து நாடு முழுக்க நடக்கும் தாவரக் கணக்கும் ஏறக்குறைய இதே முறைதான். இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டங்களிலிருந்து சேர்த்த தகவலைக் கொண்டுதான், புலி வாழும் இந்தியக் காடுகளில் 40 சதவிகிதத்துக்கும் மேல், சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர், உண்ணிச்செடியின் பிடியில் இருப்பதாக 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்.

வானத்திலிருந்து படம் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். போதாது. சாட்டிலைட் பார்ப்பது மரங்களின் தலையை. உண்ணிச்செடி இருப்பது மரங்களின் காலடியில். மேலிருந்து பார்த்தால் காடு பச்சையாக, ஆரோக்கியமாக, முழுசாக இருக்கும். உள்ளே ஆள் நுழைய முடியாது. ஆகவே இந்த விஷயத்தில் யாராவது ஒருவர் முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு நடந்தே தீரவேண்டும். என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

எனக்குப் படிவங்கள் பழக்கம். எந்தப் படிவத்தைப் பார்த்தாலும் அது கேட்கும் கேள்விகளைவிடக் கேட்காத கேள்விகளைத் தேடுவது தொழில் தந்த புத்தி. இந்தப் படிவத்தில் செடியின் பெயர் உண்டு, அளவு உண்டு, இடம் உண்டு, தேதி உண்டு. இந்த இடத்தில் கடைசியாக எப்போது தீ வந்தது, மாடு எப்போது வரை மேய்ந்தது, மரம் எந்த வருஷம் வெட்டப்பட்டது, யார் குடியிருந்தார்கள் என்ற கட்டங்கள் இல்லை. நில வருவாய்க் கணக்கில் அடங்கல் என்று ஒன்று உண்டு. எந்த சர்வே எண்ணில், எந்தப் பசலியில் என்ன விளைந்தது என்பதை அதில் பார்க்கலாம். அது எவ்வளவு பொய்யாக எழுதப்பட்டாலும், நிலத்துக்கு ஒரு நேற்று உண்டு என்ற ஒப்புதலாவது அதில் இருக்கிறது. காட்டுக்கு அடங்கல் இல்லை.

பி.ஏ. ஆங்கில வகுப்பில் எங்களுக்குக் கவிதையை ஒரு விதமாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதியவன் யார், எந்தக் காலம், எந்த நெருக்கடி என்பதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் வரிகளை மட்டும் பார்க்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நான் கடன்பட்டவன். அதன் போதாமையையும் அறிந்தவன். நண்பரின் வரைபடம் அப்படிப் படிக்கப்படும் கவிதை மாதிரி இருந்தது. சிவப்பு இருக்கிறது. சிவப்பை எழுதியவன் இல்லை.

3

எழுதியவனைத் தேடிப் போனால் முதலில் கிடைப்பது ஒரு தோட்டம். 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே உண்ணிச்செடி கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள், காரணம் அழகு. ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் செடியைப் பங்களா வேலியில் வைக்க யாருக்குத்தான் ஆசை வராது? பறவைகள் பழத்தைத் தின்றன. வேலி நடந்து காட்டுக்குப் போயிற்று.

இதை 'அந்நியச் செடி' என்று சொல்லிவிடுவது வழக்கம். இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. இந்த இனக்கூட்டத்தின் மூதாதைகள் மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை, சந்தேகமில்லை. நம் காடுகளில் இருப்பதோ அப்படியே அங்கிருந்து வந்த செடி அல்ல. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பல இனங்களைக் கலந்து நிறத்துக்காகவும் உறுதிக்காகவும் உருவாக்கிய கலப்பு அது. அதற்குச் சொந்தக் காடு என்று உலகத்தில் எங்குமே கிடையாது. சொந்த ஊர் இல்லாத ஒன்றை அந்நியன் என்று அழைப்பதில் அர்த்தம் பாதிதான் நிற்கிறது. அது மனிதக் கை செய்த பொருள். அதைச் செய்த கைக்குத்தான் ஊர் உண்டு.

இன்னொரு பக்கம், 1882இல் சென்னை மாகாணத்தில் வனச்சட்டம் வந்தது. காடுகள் அளக்கப்பட்டு, எல்லைக்கல் நட்டு, 'ரிசர்வ்' ஆயின. அந்தக் காலத்து வரைபடமும் வேலைத்திட்டமும் தேக்கையும் சந்தனத்தையும் வேங்கையையும் எண்ணின. புதரும் புல்லும் சல்லிக்காசு பெறாதவை. ஆகவே கணக்கில் அவற்றுக்கு இடம் குறைவு. கவனிக்கப்படாத தளத்தில்தான் உண்ணிச்செடி பரவியது. புதரைத் தனியாக எண்ண வேண்டும் என்ற எண்ணம் அது தொல்லையான பிறகு வந்தது.

அப்படி வந்த தேடல்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. ராமச்சந்திர ராவ் என்ற பூச்சியியலாளர், இந்தியாவின் பல பகுதிகளில் உண்ணிச்செடியைத் தின்னும் பூச்சிகளைத் தேடி, 1920இல் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அவர் பட்டியலிட்ட பூச்சிகள் 148. இவ்வளவு பூச்சிகள் தின்றும் செடியின் பரவலைத் தடுக்க அவை போதவில்லை என்பதுதான் தேடலின் பலன். தோல்வியை 148 பெயர்களோடு பதிவு செய்திருக்கிறாரே, அந்த நேர்மை இன்றைய அறிக்கைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை.

உள்ளூர்ப் பூச்சி போதாது என்றதும் வெளியூர்ப் பூச்சி. 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு பூச்சியை டேராடூனுக்குக் கொண்டுவந்தார்கள். அது தேக்கின் பூவையும் கடிக்கிறது என்று தெரிந்ததும் அழித்துவிட உத்தரவாயிற்று. அழித்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் பூச்சி வெளியே காட்டில் பிழைத்துப் பரவியிருந்தது. அது தேக்கையும் அழிக்கவில்லை, உண்ணிச்செடியையும் அழிக்கவில்லை.

மற்றச் செடிகளின் கதையும் இதே அச்சுத்தான். சீமைக்கருவேலம் 1877இல் விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக, அப்போது சென்னை மாகாணத்திலிருந்த கடப்பை மாவட்டத்துக்கு வந்தது. வரவழைத்தவர்கள் வன அதிகாரிகள். நீலகிரியின் புல்வெளியில் சீகை மரத்தை வரிசை வரிசையாக நட்டதும் துறைதான். வயநாட்டை இன்று மஞ்சளாக மூடியிருக்கும் சென்னா மரத்தை 1980களில் அழகுக்கும் நிழலுக்கும் வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் இத்தகைய தாவரங்களை அகற்றவும் வாழிடங்களை மீட்கவும் ஒரு கொள்கையை வெளியிட்டது. தேவையான காரியம், நான் மறுக்கவில்லை. விதைத்த கையும் பிடுங்கும் கையும் ஒன்றே என்பதைப் பிடுங்கும்போது நினைவில் வைத்திருந்தால், அடுத்து நடப்போகும் கன்றை இரண்டு முறை யோசித்து நடலாம் என்பது மட்டுமே என் வாதம்.

4

இனி தீ.

பிளிகிரி ரங்கன் மலை இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. அந்த மலைகள் சேரும் கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. மாநில எல்லை மலையைப் பிரித்தது. மலையில் வாழும் சோளகர்களைப் பிரிக்கவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் சத்தியமங்கலம் காட்டிலும் அவர்கள்தான்.

அந்த மலை 1974இல் சரணாலயமாயிற்று. வேட்டையும் காட்டெரிப்பு விவசாயமும் நின்றன. கூடவே, தை மாசி மாதங்களில் சருகுக்கு வைக்கும் சிறு தீயும் குற்றமாயிற்று. சோளகர்கள் இதைத் 'தரகு பெங்கி' என்பார்கள், சருகுத் தீ. கோடையின் தொடக்கத்தில், தரையில் ஈரம் மிச்சமிருக்கும்போது, முழங்கால் உயரத்துக்கு ஓடி அணைந்துபோகும் தீ. மரத்தைத் தொடாது, புதரின் கன்றைக் கருக்கும், புல்லைக் கிளப்பும். நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறாமலிருந்ததும் அந்தத் தீயால்தான் என்று அவர்கள் ஆராய்ச்சியாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

1997இல் அந்தச் சரணாலயத்தை இரண்டு கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, 134 இடங்களில் செடிகளை எண்ணினார்கள். 2008இல் அதே இடங்களுக்கு மறுபடி போனார்கள். முதல் முறை 41 சதவிகித இடங்களில் இருந்த உண்ணிச்செடி, இரண்டாம் முறை 81 சதவிகித இடங்களில் இருந்தது. பதினொரு வருஷத்தில் இரட்டிப்பு. வரைபட வேலையைக் குறைத்துப் பேசுகிறேனோ என்று எண்ணுபவர்களுக்கு இந்த இரண்டு எண்களைச் சொல்ல விரும்புகிறேன். யாரோ சிலர் ஒரே இடத்துக்கு இரண்டு முறை நடந்திராவிட்டால், 'அந்தக் காலத்தில் காடு இப்படி இல்லை' என்ற கிழவர்களின் பேச்சு வெறும் பெருமூச்சாகவே போயிருக்கும். இரண்டு வரைபடங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் வரலாறு பிறக்கிறது. ஒற்றை வரைபடம் குற்றச்சாட்டு மட்டுமே.

ஏன் இரட்டித்தது என்று அந்த மலையிலேயே கேட்டார்கள். சருகுத் தீயை நிறுத்தியதால் என்பது சோளகர்கள் சொன்ன முக்கியக் காரணம். விஞ்ஞானிகள் எல்லோரும் இதை அப்படியே ஏற்றவர்கள் அல்ல. 2005இல் எழுதப்பட்ட ஒரு கட்டுரை நேர்மாறான ஒன்றை அனுமானமாக முன்வைத்தது: தீ காட்டைத் திறக்கிறது, திறந்த இடத்தில் உண்ணிச்செடி வருகிறது, காய்ந்த உண்ணிச்செடி மேலும் பெரிய தீக்கு விறகாகிறது, ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் இது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றனவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. புல்லில் ஓடும் தையின் தீ வேறு. ஆள் உயரப் புதரில் ஏறி மரத்தைப் பிடிக்கும் பங்குனியின் தீ வேறு. தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இதில் பாதி. புதர் மண்டிய பிறகு பழைய தீயைத் திருப்பிக் கொண்டுவர முடியாது என்பதும் உண்மை. அந்தத் தீ ஓட இப்போது புல் இல்லை. காலம் தவறிய ஞானம் ஆபத்தானது.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கே தெரியாத விஷயமும் அல்ல. பர்மாவின் தேக்குக் காடுகளில் தீயை முற்றாகத் தடுத்ததில் தேக்குக் கன்று முளைக்காமல் போவதைக் கண்டு, தீத்தடுப்பு அளவுக்கு மீறிவிட்டது என்று ஸ்லேட் என்ற வன அதிகாரி 1896இலேயே 'இந்தியன் ஃபாரஸ்டர்' பத்திரிகையில் எழுதினார். விவாதம் நடந்தது, பர்மாவில் கொள்கை தளர்ந்தது. அந்த விவாதம் ஒரு தீப்பெட்டிக்காக மனிதனைத் துரத்தும் கடைநிலைக் காவலன் வரை வந்து சேரவே இல்லை. தீ என்றால் அணை என்பதுதான் அவனுக்கு வந்த உத்தரவு.

அப்பாவுக்கும் அதுதான் வந்தது. ஒவ்வொரு தை மாதமும் கூலி ஆட்களோடு தீத்தடுப்புக் கோடு வெட்டினார். கோடையில் இரண்டு மாதம் வீட்டுக்கு வரமாட்டார். 1988இல், நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம், அவர் பீட்டில் ஒரு தீ. ஓடைக்கரையில் சருகுக்கு நெருப்பு வைத்துக்கொண்டிருந்த ஒரு சோளகக் கிழவரைப் பிடித்தார். கிழவர் ஓடவில்லை. "புல்லு வரோணும் சாமி" என்று மட்டும் சொன்னாராம். அப்பா அவரைக் கொண்டுபோய் ஒப்படைத்தார். வழக்கு, அபராதம். அபராதம் கட்டக் கிழவர் எதை விற்றார் என்பதும் அப்பாவுக்குத் தெரியும். அதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த பீட்டில் யாரும் தீ வைக்கவில்லை.

5

மறுபடியும் சொல்லுக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் செடி பரவுவதற்கு ஒரு சொல், மனிதன் அரசு நிலத்தில் குடியேறுவதற்கு வேறொரு சொல். முதலாவது படையெடுப்பைச் சேர்ந்தது. இரண்டாவது எல்லை தாண்டுவதைச் சேர்ந்தது. தமிழில் நாம் இரண்டையும் ஆக்கிரமிப்பு என்றே எழுதிவிட்டோம். மொழிபெயர்ப்பாளரின் அசிரத்தை என்று இதை ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்கமாட்டேன். சில சமயம் அசிரத்தையான மொழிபெயர்ப்பு மூலத்தின் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

2002 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், காடுகளில் இருக்கும் ஆக்கிரமிப்பாளர்களை அகற்றும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2006இல் வந்த வன உரிமைச் சட்டம், பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்பதைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. பிளிகிரி ரங்கன் மலை 2011இல் புலிகள் காப்பகமானது. அதே வருஷம் அங்குள்ள சோளகர்களுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்தது இந்தியாவில் அதுவே முதல் முறை. 2019 பிப்ரவரி 13ஆம் தேதி, உரிமை கோரி நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் 28ஆம் தேதி தன் உத்தரவைத் தானே நிறுத்திவைத்தது. பதினைந்து நாள் இடைவெளியில் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஆக்கிரமிப்பாளர்களாகி, மறுபடி விண்ணப்பதாரர்களானார்கள்.

ஒரே காடு. ஒரே சொல். முதலில் தீயைத் தெரிந்த மனிதன் ஆக்கிரமிப்பாளன் ஆனான். அவன் கை நின்ற இடத்தில் செடி ஆக்கிரமிப்பாளன் ஆயிற்று. இப்போது அந்தச் செடியை வெட்டக் கூலிக்கு அதே மனிதனை அழைக்கிறோம். இதில் யாரையும் வில்லனாக்கிக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொன்னால் முதல் வில்லன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

இங்கே இரண்டு சுலபமான முடிவுகளுக்கு வாசகர் போய்விடக்கூடும். இரண்டையும் மறித்துவைக்கிறேன். ஒன்று, பழங்குடிகளுக்கு எல்லாம் தெரியும், விஞ்ஞானம் வீண் என்பது. இது மரியாதை போலத் தோன்றும் அலட்சியம். இருபது வருஷமாகத் தீ வைக்காத ஒருவரின் பேரனுக்குத் தீயைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது, அவர்களையும் காலம் தொடும் என்பதை மறுப்பதுதான். இரண்டு, எல்லாச் செடியும் செடிதானே, அந்நியம் என்ன சுதேசி என்ன, இயற்கை தன் வழியைப் பார்த்துக்கொள்ளும் என்பது. காட்டுக்குள் போகாதவர்களின் தத்துவம் இது. உண்ணிச்செடியின் கீழ் புல் வராது. அதன் இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். வெயில் பட்டால் தோல் வெடிக்கும். யானைக்கும் மானுக்கும் மேய்ச்சல் சுருங்குகிறது. இது ரசனைப் பிரச்னை அல்ல, சோற்றுப் பிரச்னை.

வரைபடம் வேண்டும். எங்கே வெட்டத் தொடங்குவது என்பதே வரைபடம் இல்லாமல் தெரியாது. அடர்ந்த சிவப்பில் போய்ப் பணத்தைக் கொட்டுவதைவிட, மஞ்சளும் பச்சையும் சேரும் ஓரத்தில், செடி இப்போதுதான் கால்வைக்கும் இடத்தில், தொடங்குவது நல்லது என்பது நண்பரின் கட்சி. வெட்டுவதும் மேலோடு வெட்டினால் பலனில்லை, துளிர்த்துவிடும். மண்ணுக்குக் கீழே தண்டும் வேரும் சேரும் கணுவுக்கு அடியில் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பிறகும் சில வருஷங்கள், பறவை உட்காரும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். டெண்டர் விட்டு மார்ச் மாதத்துக்குள் முடிக்கிற காரியம் அல்ல. அங்கேயே வாழ்கிற ஆள் வேண்டும். ஆக, வரைபடம் கடைசியில் எந்த மனிதனை ஒதுக்கிவிட்டு வரையப்பட்டதோ அவனிடமே வந்து நிற்கிறது.

வங்கியில் கணக்கு ஒத்துவராத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். காரணம் தெரிந்ததும் எடுத்து உரிய கணக்கில் வரவு வைப்போம். காரணம் தேடாமல் வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தால் அது தணிக்கையில் குற்றம். 'ஆக்கிரமிப்பு' என்பது நம் காடுகளின் சஸ்பென்ஸ் கணக்கு. மனிதனையும் செடியையும் அதில் போட்டுப் பூட்டிவிட்டோம்.

6

இந்த வருஷம் தை கடைசியில் அப்பாவே கூப்பிட்டார். "ஒருக்கா போயிட்டு வரலாமா தம்பி, உன் சிநேகிதரையும் வரச் சொல்லு" என்றார். நண்பருக்கு அனுமதி இருந்ததால் மூவரும் போனோம்.

அவர் வருஷா வருஷம் வெட்டிய தீத்தடுப்புக் கோட்டின் தொடக்கம் வரை ஜீப் போயிற்று. கோடு இருந்த இடத்தில் உண்ணிச்செடி இரண்டு பக்கமும் கைகோத்திருந்தது. எல்லைக்கல்லை மட்டும் அப்பா தடவித் தடவிக் கண்டுபிடித்தார். அதன் மேல் பூசிய சுண்ணாம்பில் கொஞ்சம் இன்னும் ஒட்டியிருந்தது. ஓடைக்கரைக்குப் போக வழியில்லை. அந்தத் திசையைக் கை காட்டி, "அங்கதான் அந்தப் பெரியவரைப் புடிச்சேன்" என்று நண்பரிடம் சொன்னார். பிறகு, "அப்ப அங்க புல்லு இருந்துச்சுங்க. இடுப்பளவு" என்றார்.

நண்பர் அந்த இடத்துக்கான படிவத்தை நிரப்பினார். உண்ணிச்செடி 4. புல் 0. படிவத்தில் கட்டம் இல்லாததால், ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதினார்: 'கடைசித் தீ 1988. தகவல்: அப்போதைய வனக்காப்பாளர்.' எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினார்.

அப்பா அதைத் திருத்தச் சொன்னார். தகவல் தன்னுடையதாக இருக்கட்டும், தீ வைத்தவர் பெயரையும் போடுங்கள் என்றார். பெயரைச் சொன்னார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் தகப்பன் பெயரோடு ஞாபகம் இருந்தது. நண்பர் எழுதிக்கொண்டார்.